வெண்டிலேட்டர் குழாயில் தண்ணீர் தேங்கினால் ஈரத்தைக் குறைக்கலாமா?

மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி மலையகத்துக்கு வந்திருக்கும் இளம் தாதி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அங்கே நான்கு வருடம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். வெண்டிலேட்டர் குழாயில் இவ்வளவு தண்ணீர் தேங்கிப் பார்த்ததில்லை. இங்கே இரவில் மணிக்கொரு தடவை வடித்தாலும் தீரவில்லை. ஈரமூட்டியின் சூட்டைக் குறைத்துவிடு என்கிறார்கள் சிலர். அதைக் கழற்றிவிட்டுச் செயற்கை மூக்கைப் போடு என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?"

தங்கச்சி, சூட்டைக் குறைக்காதீர்கள். இன்று இரவே யாராவது அந்தக் குமிழைத் திருப்பிவிடக்கூடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழாயில் தண்ணீர் சேர்வதற்குக் காரணம் குழாயின் சுவர் குளிர்ந்திருப்பது. கிண்ணத்தில் சூடாகும் நீரின் மேல் காற்றை ஓடவிட்டு ஈரமூட்டி ஏற்றிவிடும் ஈரம் நோயாளிக்குத் தேவையான ஈரம். அதில் கை வைக்காமல் சுவரைச் சூடாக வைத்திருக்க வழி பார்க்க வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் எங்கள் காம்பிராவின் தகரக் கூரைக்கு உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். மூன்று மணிக்கெல்லாம் போர்வையில் சொட்டத் தொடங்கும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அப்பா ஆணி ஓட்டைகளுக்கெல்லாம் தார் பூசினார். வெளியே மழையே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரே அறையில் படுத்த ஆறு பேரின் மூச்சும் அடுப்பில் கொதித்த தண்ணீரின் ஆவியும்தான் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டின. கடைசியில் அம்மா, உள்ளே பொலித்தீன் வைத்த உரச் சாக்குகளைப் பிரித்துத் தகரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டினார். சொட்டுவது நின்றது. மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 37 பாகை செல்சியஸில் நிறைவாக ஈரமேறிய காற்று, லீற்றருக்கு ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். 28 பாகையில் அது 27 மில்லிகிராம்தான். 20 பாகையில் 17. 16 பாகையில் 14-க்கும் சற்றுக் குறைவு. தாங்க முடியாத மிச்சம் குழாயின் சுவரில் நீராகப் படிகிறது. நோயாளி நிமிடத்துக்கு 8 லீற்றர் காற்று வாங்குகிறார் என்று வையுங்கள். சூடேற்றும் கம்பி இல்லாத குழாயில் காற்று அறையின் வெப்பநிலைக்கே குளிர்ந்துவிட்டால், 28 பாகை அறையில் மணிக்கு 8 மில்லிலீற்றர் தண்ணீர் தேங்கும். 16 பாகை அறையில் 14 மில்லிலீற்றருக்கு மேல், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 350 மில்லிலீற்றர். காற்று அந்த அளவுக்கு முழுமையாகக் குளிர்வதில்லை என்பதால் உண்மையில் தேங்குவது இதைவிடக் குறைவு. ஆனால் மட்டக்களப்புக்கும் இங்குக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

உயரம் காரணமா என்று சிலர் கேட்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமெடுக்கும். ஆனால் 37 பாகையில் நீராவியின் அழுத்தம் கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஒரே 47 மில்லிமீற்றர் பாதரசம்தான். ஈரத்தின் கணக்கு வெப்பநிலையோடு மட்டும் போகிறது. ஆகவே மலையை விட்டுவிடுங்கள், குளிரைக் கவனியுங்கள்.

தேங்கிய தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு நான் பார்த்த ஓர் இரவைச் சொல்கிறேன். பூச்சிமருந்து குடித்த ஓர் இளைஞர். மயக்க மருந்தில் ஆழமாக இருந்தார். கருவியில் மூச்சு எண்ணிக்கையை நிமிடத்துக்கு 14 என்று வைத்திருந்தோம். இரவு இரண்டரை மணிக்குத் திரையில் 31 ஓடியது. பணியில் இருந்த இளம் வைத்தியர், நோயாளி விழித்துக்கொண்டு கருவியோடு சண்டை போடுகிறார் என்று எண்ணி மயக்க மருந்தைக் கூட்டச் சொன்னார். நான் நோயாளியின் முகத்தைப் பார்த்தேன். இமை அசையவில்லை, வயிறு தானாக எழும்பவில்லை. திரையில் காற்றோட்டக் கோடு மட்டும் ரம்பப் பல் போல நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டில் விளிம்பில் தொங்கிய குழாயைத் தூக்கினேன். களக் களக்கென்று சத்தம். தொய்வில் அரை யோகட் கப் அளவு தண்ணீர் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை நோயாளி மூச்சிழுப்பதாகக் கருவி எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மூச்சைத் தள்ளியிருக்கிறது. வடித்து முடித்ததும் எண்ணிக்கை 14-க்கு வந்துவிட்டது. மயக்க மருந்து ஒரு சொட்டும் கூடத் தேவைப்படவில்லை.

இதற்கு வேறொரு குறுக்குவழியும் உண்டு, அதையும் செய்யாதீர்கள். நோயாளி மூச்சிழுப்பதைக் கருவி உணரும் திறனை, அதாவது தூண்டல் உணர்திறனை, குறைத்தால் பொய் மூச்சு நிற்கும். ஆனால் அந்த மனிதர் உண்மையிலேயே மூச்சிழுக்க முயலும்போதும் கருவி பேசாமல் இருந்துவிடும்.

இரண்டாவது கேடு கிருமி. ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பாலான குழாய்களின் தேங்கிய நீரில் கிருமி குடியேறிவிடுகிறது. அது பெரும்பாலும் நோயாளியின் சொந்த வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் ஏறி வந்தது. அவரைப் புரட்டும்போது அந்த நீர் ஒரு மடக்காக நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பது இதற்கும் உதவுகிறது. கிருமி என்றதும் நாள்தோறும் குழாயை மாற்ற வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அழுக்குத் தெரிந்தாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். அடிக்கடி கழற்றி மாட்டினால் நீரைச் சிந்தும் சந்தர்ப்பங்கள்தான் கூடும்.

சரி, சூட்டைக் குறைத்தால் என்ன? குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் குழாய் பளிச்சென்று காய்ந்திருந்தது. எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள், தொண்டை வழியே உள்ளே போட்டிருந்த மூச்சுக் குழாயின் உச்ச அழுத்தம் 22 சென்ரிமீற்றர் நீரிலிருந்து 41-க்கு ஏறியது. சளி உறிஞ்சும் குழாய் பாதியிலேயே முட்டி நின்றது. அவசரமாக அந்தக் குழாயை மாற்ற வேண்டியதாயிற்று. கழற்றிய குழாயை வெட்டிப் பார்த்தோம். உட்சுவர் முழுக்க, பலாப்பால் காய்ந்து ஒட்டியதைப் போலப் பழுப்பு நிறத்தில் சளி இறுகியிருந்தது. நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி.

நமக்கெல்லாம் மூக்கும் தொண்டையும் அந்த வேலையைச் செய்கின்றன. காற்று நுரையீரலின் ஆழத்துக்குப் போவதற்குள் 37 பாகைக்குச் சூடாகி 44 மில்லிகிராம் ஈரமும் ஏறிவிடும். குழாய் போட்டவருக்கு மூக்கே கிடையாது. சுவர்க் குழாயில் வரும் ஒட்சிசனும் அழுத்தக் காற்றும் அநேகமாக முற்றிலும் வரண்டவை. அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் 2012 வழிகாட்டல், சூடாக்கும் ஈரமூட்டி நோயாளியின் பக்க ஒய் இணைப்பில் (உள்மூச்சுக் குழாயும் வெளிமூச்சுக் குழாயும் சேரும் Y வடிவத் துண்டு) லீற்றருக்கு 33 முதல் 44 மில்லிகிராம் வரை ஈரத்தையும் 34 முதல் 41 பாகை வரை சூட்டையும் தர வேண்டும் என்கிறது. குமிழைத் திருப்பிக் குழாயைக் காய வைப்பவர் இந்த எல்லைக்குக் கீழே இறங்குகிறார்.

இனி, சுவரைச் சூடாக வைப்பது எப்படி?

அறையிலிருந்து தொடங்குங்கள். எனக்குப் பழக்கமான ஈரமூட்டியின் கையேடு, அறை 18 முதல் 26 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 பாகை. தை மாதத்துப் பனி இரவுகளில் தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்குப் போகும். ஆகவே அறைக்கு வெப்பமாக்கி கேட்பது நோயாளிக்கும் கருவிக்கும் தேவையானது, யாரும் அதைச் சொகுசு என்று தள்ளிவிட விடாதீர்கள். சில இடங்களில் வேடிக்கை வேறு மாதிரி. வெளியே 12 பாகை, உள்ளே குளிரூட்டி ஓடுகிறது. எவர் போட்டது, எதற்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதன் வாய் எந்தக் கட்டிலை நோக்கியிருக்கிறது என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் சன்னல் சட்டம் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். அந்தக் கீற்றுக் காற்று குழாயின் மீது நேராக அடித்தால் ஒரு முழ நீளத்தில் மட்டும் நீர் கோக்கும். கட்டிலை இரண்டு பாகம் தூரம் தள்ளிப் போட்டே ஒரு வாரத் தலைவலியை நான் தீர்த்திருக்கிறேன். வெப்பமானியைத் தாதியர் மேசைக்கு மேலே மாட்டாதீர்கள், குழாய் இருக்கும் உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது குழாய். உள்ளே சூடேற்றும் கம்பி ஓடும் குழாய் இருந்தால் கேட்டு வாங்குங்கள். வழக்கமான அமைப்பில் நீர்க் கிண்ணத்தில் காற்று 37 பாகையில் நிறைவாக ஈரமேறுகிறது. பிறகு கம்பி அதை ஒய் இணைப்புக்கு வருவதற்குள் 40 பாகைக்கு உயர்த்துகிறது. சூடு ஏறிக்கொண்டே போவதால் ஈரம் சுவரில் படிய வழியில்லை. கம்பி இல்லாத கடைசிச் சிறு துண்டில் மூன்று பாகை இறங்கி, நோயாளிக்கு 37-ஆகவே போய்ச் சேரும். புதிதாக வருபவர்கள் 40 என்ற எண்ணைக் கண்டு பயந்து குறைத்துவிடுவார்கள், அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். அந்தக் கடைசித் துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு என்பதால், குளிரறையில் அதைக் குட்டையாகவே வைத்திருங்கள்.

கம்பியில்லாத பழைய குழாயானால் நிலைமை வேறு. ஒய் இணைப்பில் 37 வர வேண்டுமென்றால் கிண்ணத்தை அதைவிட நன்றாகச் சூடாக்கியாக வேண்டும், வழியில் குழாய்க்குள் ஈரம் நீராகி மழையும் பெய்தே தீரும். அதற்குத் துணி உறை போடலாம், கீழ்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி மட்டும் விடுங்கள். கம்பி ஓடும் குழாயின் மீது போர்வையோ கம்பளியோ ஒருபோதும் போடாதீர்கள். சூடு வெளியேற வழியின்றிக் குழாய் உருகக்கூடும். ஒரு தயாரிப்பாளரின் கம்பிக் குழாயை மற்றொருவரின் ஈரமூட்டியில் பொருத்துவதும் இதே காரணத்தால் ஆபத்து. செருகி பொருந்துகிறது என்பது போதாது.

கம்பி இருந்தும் தண்ணீர் கொட்டினால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். நான் குழாயின் இரு முனையையும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். கிண்ணத்தின் அருகே சூடாகவும் நோயாளியின் அருகே சில்லென்றும் இருந்தால், இணைப்பு வயர் கழன்றிருக்கும் அல்லது உள்ளே கம்பி அறுந்திருக்கும். வெப்ப உணரியையும் பாருங்கள். அது முழுவதும் உள்ளே அமுங்கி, நீர் அதன் மீது நிற்காதவாறு இருக்க வேண்டும். காலை வெயில் கண்ணாடி வழியே உணரியில் விழுந்தால் குழாய் சூடாக இருப்பதாக அது பொய் சொல்லும், ஈரமூட்டி சூட்டைக் குறைத்துவிடும். சிசுப் பிரிவில் கதிர்வீச்சு வெப்பமாக்கியின் கீழ் இது அடிக்கடி நடக்கிறது.

வெளிமூச்சுக் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நோயாளி வெளியே விடும் காற்றும் ஈரம் நிறைந்ததுதான், ஆகவே அந்தப் பக்கமும் மழை பெய்யும். இரண்டு கிளைகளிலும் கம்பி உள்ள குழாய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நீர்ப்பொறியை, அதாவது வழியும் நீரைப் பிடிக்கும் சிறு குப்பியை, அந்தக் கிளையின் மிகத் தாழ்ந்த இடத்தில், நிமிர்ந்து நிற்கும்படி தொங்கவிடுங்கள். அதன் மூடி சரியாக இறுகாவிட்டால் காற்றுக் கசிந்து பீப் அழுத்தம் (மூச்சு விட்டு முடிந்த பின்னும் நுரையீரலில் கருவி நிறுத்தி வைக்கும் அழுத்தம்) விழும். அந்தக் கிளையின் முடிவில் இருக்கும் வடிகட்டி நனைந்து ஊறினால் மூச்சு வெளியேறத் தடை ஏற்பட்டு, காற்று நெஞ்சுக்குள் சிறைப்படும். காரணம் தெரியாமல் பீப் ஏறினால் முதலில் வடிகட்டியைச் சந்தேகியுங்கள். மருந்தை நுண்துளியாக்கி மூச்சோடு கொடுக்கும், அதாவது நெபுலைஸ் செய்யும், நோயாளிக்கு அது இன்னும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

குழாயை ஓட விடுவதில் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. சரிவில் தண்ணீர் வடியக் கான் வெட்டுவதைப் போலத்தான். நோயாளியின் வாயிலிருந்து விலகிக் கீழ்நோக்கிச் சரியும்படி, நடுவில் தொய்வு விழாதபடி, தாங்கும் கையில் மாட்டுங்கள். ஈரமூட்டி நோயாளியின் தலையைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

வடிப்பதற்கு ஒரு நேரம் உண்டு. நோயாளியைப் புரட்டுவதற்கு முன்னால் வடியுங்கள், படுக்கை விரிப்பை மாற்றுவதற்கு முன்னால் வடியுங்கள். நீர் உள்ளே புகும் விபத்துகளில் பெரும்பாலானவற்றை நான் அந்த நிமிடத்தில்தான் பார்த்திருக்கிறேன். கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். ஒய் இணைப்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நோயாளியின் பக்கத்திலிருந்து தொடங்கி, மறு கையால் குழாயைச் சிறிது சிறிதாக உயர்த்தி நீரைப் பொறிக்குள் நடத்திச் செல்லுங்கள். கிண்ணத்துக்குள் திருப்பி ஊற்றாதீர்கள், அது கிருமிக்குக் கிடைக்கும் வெதுவெதுப்பான குளம். வடித்ததைத் தொற்றுக் கழிவாக அகற்றுங்கள், கை கழுவும் தொட்டியில் கொட்ட வேண்டாம். கிண்ணத்துக்குக் கிருமி நீக்கிய நீர் மட்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, சேலைனும் கூடாது.

செயற்கை மூக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோயாளி வெளியே விடும் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைத்து, அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுக்கும் சிறு பொருள் அது. குழாய் காய்ந்தே இருக்கும், மின்சாரமும் வேண்டாம். நோயாளியை வேறு வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் கொண்டுபோகும்போதும், ஓரிரு நாள் மட்டும் கருவியில் இருக்கும் சாதாரண நோயாளிக்கும் நானே விரும்பிப் போடுவேன். 2012 வழிகாட்டல் அதனிடம் லீற்றருக்குக் குறைந்தது 30 மில்லிகிராம் ஈரம் எதிர்பார்க்கிறது. ஆனால் கெட்டியாகவோ அளவுக்கு அதிகமாகவோ சளி வரும் நோயாளிக்கு அது ஆகாது. மேலே சொன்ன இளைஞரைப் போலப் பூச்சிமருந்தால் சளி பெருகியவருக்குச் சீக்கிரமே அடைத்துவிடும். உடல் வெப்பநிலை 32 பாகைக்குக் கீழே உள்ளவருக்கும், நிமிடத்துக்கு 10 லீற்றருக்கு மேல் காற்று வாங்குபவருக்கும், காற்றுக் கசிவு அதிகமுள்ளவருக்கும் ஆகாது. சின்னக் குழந்தையின் சிறிய மூச்சுக்கு, அதன் உள்ளே வீணாகத் தங்கும் காற்றே பெரிய சுமை. ஈரமூட்டியையும் இதையும் ஒன்றாகப் போடுவதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பஞ்சு நீரில் ஊறிப்போய்க் காற்று போகாமல் நின்றது. இரண்டில் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் மின்சாரம் போகும்போது வெண்டிலேட்டர் தன் பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான ஈரமூட்டிகளுக்குப் பற்றரி கிடையாது. மின்பிறப்பாக்கி எழும் வரை குழாய் குளிர்ந்து நீர் கொட்டும். மின்சாரம் வந்த பிறகு ஈரமூட்டி மீண்டும் இயங்குகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், சில கருவிகளில் பொத்தானை மறுபடியும் அழுத்த வேண்டும்.

நோயாளியின் பக்கத்துச் சிறு துண்டுக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய பனி படிந்திருந்தால் அதைக் கண்டு பதறாதீர்கள். ஈரம் போய்ச் சேருகிறது என்பதற்கு அடையாளம் அது. அங்கே எலும்பு போல் காய்ந்திருந்தால்தான் எனக்குக் கவலை வரும்.

இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். குழாயின் பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அது காட்டுவதைக் குறித்து வையுங்கள். அந்த இரண்டு நேரத்திலும் பொறியில் வடித்த நீரின் அளவையும் எழுதுங்கள். கிண்ணத்தின் சூடு எவ்வளவு, ஒய் இணைப்பில் எவ்வளவு, குழாயில் கம்பி ஒரு பக்கமா இரு பக்கமா, கட்டில் சன்னலிலிருந்து எத்தனை அடி என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வெப்பமாக்கி கேட்டு உங்கள் பொறுப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அந்த எண்களை வைத்து நாம் சேர்ந்து எழுதலாம்.